வேலையிலும் கோட், வீட்டிலும் கோட்: சொந்தத் திட்டம் எதற்கு?

வாசகர் கேள்வி, மார்ச் 2

நாள் முழுக்க அலுவலகத்தில் கணினிக்குக் கோட் எழுதிக் களைத்த பிறகு, வீட்டிலும் லேப்டாப்பைத் திறந்து 'சொந்தத் திட்டம்' என்று உட்கார்வது வீண். என்னிடம் பாதியில் நிற்கும் ரெப்போக்கள் (நிரல் களஞ்சியங்கள்) வரிசையாகக் கிடக்கின்றன. எதுவும் முடிந்ததில்லை. எதுவும் வேலைக்கு உதவியதும் இல்லை. அந்த நேரத்தில் தூங்கலாம். மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கவும்.

மார்ச் 2, இரவு

மறுக்கிறேன். தூக்கத்தைப் பற்றிச் சொன்னது மட்டும் சரி. தூக்கத்தைத் தின்று வளரும் திட்டம் எதுவும் வேண்டாம்.

மற்றபடி, பகலில் வரும் களைப்புக்குக் காரணம் கோட் எழுதுவது என்று எனக்குத் தோன்றவில்லை. ஒரு வரி மாற்ற வேண்டியிருக்கும். மாற்றக் கால் மணி நேரம்கூட ஆகாது. அப்புறம் பில்டு (நிரலைத் தொகுத்துச் சோதிக்கும் வேலை) வரிசையில் காத்திருப்பு. ராத்திரி ஓடிய பில்டில் அந்த வரிக்குச் சம்பந்தமே இல்லாத டெஸ்ட் ஒன்று தேறாமல் விழுந்திருக்கும். "மறுபடி ஓட்டிப் பாருங்கள்" என்பார்கள். காலையில் ஓட்டினால் பச்சை, தேறிவிடும். ஏன் விழுந்தது, எப்படி எழுந்தது என்று யாரும் கேட்பதில்லை. கேட்க நேரமும் கிடையாது. அந்தக் கேள்வி மண்டைக்குள்ளேயே தங்கிவிடுகிறது. பதில் கிடைக்காத இப்படிப்பட்ட கேள்விகளைச் சுமந்துகொண்டுதான் சாயங்காலம் நாற்காலியை விட்டு எழுகிறோம்.

வீட்டில் நான் செய்துகொண்டிருப்பது ஒரு மேசைக் கடிகாரம். ஒரு இஎஸ்பி32 போர்டு (வைஃபை உள்ள குட்டிக் கணினி), காகிதம் போலத் தெரியும் சிறிய இ-இங்க் திரை, பேட்டரியோடு நேரத்தை எண்ணும் ஒரு ஆர்டிசி சிப். என்னோடு வேலை செய்பவர்கள் மூன்று கண்டங்களில் இருக்கிறார்கள். அவர்களில் யாருக்கு இப்போது என்ன மணி, யார் தூங்கிக்கொண்டிருப்பார்கள் என்று இது காட்டும். அவ்வளவுதான். இதில் ஏதாவது தப்பாக நடந்தால், காரணத்தைத் தேடி அடிவரை இறங்கிப் போகலாம். டிக்கெட்டை (ஒப்படைத்த வேலைக் குறிப்பை) மூடச் சொல்லி யாரும் நிற்பதில்லை. எனக்கு அதுதான் முதல் காரணம்.

மார்ச் 3

"உலகக் கடிகாரம் எல்லா போனிலும் இருக்கிறதே?" இருக்கிறது, என் போனிலும் இருக்கிறது. ஆனால் கடிகாரம் எப்படி ஓடுகிறது என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. போன் அதைச் சொல்லாது.

மார்ச் 5

அடிவரை இறங்குவது என்றால் என்ன, உதாரணம் கொடுங்கள் என்று கேட்டவருக்கு.

முதலில் போட்ட ஆர்டிசி பழைய டிஎஸ்1307. நன்றாக ஓடியது, ஆனால் நாளுக்கு ஒன்றிரண்டு வினாடி நழுவியது. நிரலை வரிவரியாகப் பார்த்தேன். அதில் ஒன்றுமில்லை. அப்புறம் சிப்பின் விவரத்தாளான டேட்டாஷீட்டை எடுத்தேன்.

இந்தச் சிப்புகளை ஓட்டுவது ஒரு குவார்ட்ஸ் படிகம். வினாடிக்கு 32,768 முறை அதிரும். எங்கிருந்து வந்தது இந்த எண்? இரண்டின் பதினைந்தாம் அடுக்கு அது. பதினைந்து முறை பாதியாக்கினால் வினாடிக்குச் சரியாக ஒரு துடிப்பு கிடைத்துவிடும். பாதியாக்குவது மின்சுற்றில் மிக எளிய காரியம். ஃபிளிப்-ஃபிளாப் என்ற சிறு சுற்று ஒன்று போதும், அப்படிப் பதினைந்தை வரிசையாக வைத்தால் கடிகாரம் தயார். குவார்ட்ஸ் கைக்கடிகாரங்களிலும் பெரும்பாலும் இதே எண்தான். இதைப் படித்த ராத்திரி எனக்கு உண்டான சந்தோஷம் எந்த ரிலீஸ் முடிந்தும் உண்டானதில்லை.

சாதாரணப் படிகத்தின் பிழை பத்து லட்சத்தில் 20 பங்கு. கேட்கச் சின்னதாகத்தான் இருக்கும். ஒரு நாளுக்கு 86,400 வினாடி. பெருக்கிப் பாருங்கள், நாளுக்கு 1.7 வினாடி வரும். நான் கண்ட நழுவல் அதுவேதான். இதற்கு மேல் வெப்பநிலை வேறு. இந்த வகைப் படிகம் 25 டிகிரி செல்சியஸை ஒட்டித்தான் வேகமாக அதிரும். அதிலிருந்து சூடானாலும் சரி, குளிர்ந்தாலும் சரி, மெதுவாகிவிடும். பத்து டிகிரி விலகினால் பத்து லட்சத்தில் 3 பங்கு சொச்சம், இருபது டிகிரி விலகினால் அதைப்போல நான்கு மடங்கு.

இப்போது போட்டிருப்பது டிஎஸ்3231. படிகமும் வெப்பமானியும் அதன் உள்ளேயே இருக்கின்றன. 64 வினாடிக்கு ஒருமுறை வெப்பநிலையை அளந்து, அதற்கேற்பப் படிகத்தின் வேகத்தைத் தானே திருத்திக்கொள்ளும். 0 முதல் 40 டிகிரி வரை பிழை பத்து லட்சத்தில் 2 பங்குக்குள். வருடம் முழுக்கச் சேர்த்தாலும் ஒரு நிமிடத்துக்குப் பக்கம்தான் வரும்.

வேலைக்கு உதவியதா என்றீர்களே, இதைக் கேளுங்கள். அலுவலகத்தில் லாக் கோப்பு ஒன்றில், கேள்வி போவதற்கு முன்பே பதில் வந்ததாகப் பதிவாகியிருந்தது. இரண்டு வேலைகள் ஒன்றையொன்று முந்திக்கொள்வதால் வரும் பிழையை, ரேஸ் கண்டிஷனை, குழு முழுக்கத் தேடிக்கொண்டிருந்தது. கடிகாரம் நழுவினால் இப்படித்தான் தெரியும் என்று எனக்கு உடனே பட்டது. போய்ப் பார்த்தால் ஒரு சர்வரில், நேரத்தை இணையம் வழியாகச் சரிசெய்யும் என்டிபி எப்போதோ நின்றுபோயிருந்தது. நேரத்தை அது வெளியிலிருந்து சரிபார்க்காமல் தன் படிகத்தை மட்டும் நம்பி ஓடிக்கொண்டிருந்தது.

மார்ச் 5, சற்றுப் பிறகு

டிஎஸ்1307 வைத்திருப்பவர்கள் அதைத் தூக்கிப் போட வேண்டாம். தினமும் இணையத்திலிருந்து நேரத்தைச் சரிசெய்துகொள்ளும் சாதனத்துக்கு அது தாராளமாகப் போதும். இணையம் இல்லாமல் மாதக்கணக்கில் ஓட வேண்டுமானால்தான் டிஎஸ்3231.

மார்ச் 8

ராத்திரி விழுந்து காலையில் எழும் அந்த டெஸ்டின் கதை முடிந்தது. இந்தத் தடவை நேரம் கேட்டு வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன்.

'இன்றைய தேதி' என்பதை டெஸ்ட் உள்ளூர் நேரப்படி கணக்கிட்டது, நிரல் யுடிசி என்ற உலகப் பொது நேரப்படி கணக்கிட்டது. உள்ளூர் நேரம் யுடிசிக்கு முன்னால் ஓடும் இடங்களில், நள்ளிரவு தாண்டிச் சில மணி நேரம் வரை யுடிசிக்கு அது இன்னும் நேற்று. பகலில் யார் ஓட்டினாலும் இரண்டு தேதியும் ஒன்றாகவே இருக்கும். ராத்திரி தானாக ஓடும் பில்டில் மட்டும் பிரியும். 'நிலையில்லாத டெஸ்ட்' என்று பெயர் வைத்து ஒதுக்கியிருந்தார்கள். உண்மையில் கடிகாரத்தைப் போல ஒழுங்கு தவறாமல் ஒரே வேளையில் விழுந்துகொண்டிருந்தது பாவம். விழுந்த நேரங்களை ஒரு தாளில் எழுதிப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. இனி யாராவது 'சும்மா சும்மா விழுகிறது' என்று சொன்னால், முதலில் எந்த வேளையில் விழுந்தது என்று கேளுங்கள்.

தீர்வு பழையதுதான். எந்த ஃபங்ஷனும் (நிரலின் சிறு பகுதி) தானாகப் போய்க் கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது. நேரத்தை வெளியிலிருந்து கையில் கொடுக்க வேண்டும். அப்படிச் செய்துவிட்டால் டெஸ்டில் எந்த நேரத்தையும் உறைய வைக்கலாம். பிப்ரவரி 29 கொடுங்கள். டிசம்பர் 31, இரவு 11:59:59 கொடுங்கள். ஜனவரி 31-ஐக் கொடுத்து ஒரு மாதம் கூட்டச் சொல்லுங்கள். நீங்கள் பயன்படுத்தும் லைப்ரரி (பிறர் எழுதிய தயார் நிரல்) என்ன பதில் சொல்கிறது என்று பார்த்து வையுங்கள். சில பிப்ரவரி கடைசியில் நிற்கும், சில மார்ச்சுக்குத் தாவும்.

என் மேசைக் கடிகாரத்தில் முதல் நாளிலிருந்தே நேரம் வெளியிலிருந்துதான் வருகிறது. நேரத்தைத் திருகிவிட்டுத் திரை எப்படி மாறுகிறது என்று பார்க்கும் ஆசையால் அப்படிச் செய்தேன். அலுவலகத்தில் அதே அமைப்பை வரைந்து காட்டியபோது கேள்வியே எழவில்லை, ஓடுகிற ஒன்று என்னிடம் இருந்தது.

மார்ச் 9

"லினக்ஸ் இயங்குதளமே பொழுதுபோக்காக ஆரம்பித்ததுதானே" என்று ஒருவர் எனக்கு ஆதரவாக எழுதியிருக்கிறார். உண்மைதான். 1991 ஆகஸ்டில் லினஸ் டோர்வால்ட்ஸ் அதை அறிவித்தபோது பொழுதுபோக்கு என்றே சொன்னார். பைத்தான் நிரல் மொழியை கைடோ வான் ரோசம் 1989 கிறிஸ்துமஸ் விடுமுறையில் தொடங்கினார். எனக்கு இவற்றையெல்லாம்விடப் பிடித்தது, இணையத்திலிருந்து தரவை எடுத்துவரும் கர்ல். 1996-ல் டேனியல் ஸ்டென்பெர்க் ஐஆர்சி என்ற இணைய அரட்டையில் தானாகப் பதில் சொல்லும் ஒரு பாட் வைத்திருந்தார். அரட்டை அறையில் இருப்பவர்களுக்கு அது நாணய மாற்று விகிதம் சொல்ல வேண்டும். விகிதங்களை இணையத்திலிருந்து எடுத்துவர ஒரு குட்டி நிரல் தேவைப்பட்டது. ஏற்கெனவே வேறொருவர் எழுதியிருந்ததை எடுத்து வளர்த்தார். 1998-ல் கர்ல் என்ற பெயர் வந்தது. இன்று கார், டிவி, போன் என்று எதைத் திறந்தாலும் உள்ளே அது இருக்கும்.

ஆனாலும் இந்த வாதத்தை நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்தவற்றை மட்டும் எண்ணிப் பார்த்தால், போய்ச் சேராதது எல்லாம் வீண் என்று ஆகிவிடும். கேள்வி கேட்டவரை வருத்துவதே அந்த எண்ணம்தான். என் கடிகாரம் என் மேசையைத் தாண்டாது. தாண்டவும் வேண்டாம்.

அத்தோடு, தாண்டியவற்றின் கதை எல்லாமே இனிப்பாக இல்லை. எக்ஸ்இசட் என்ற, கோப்புகளைச் சுருக்கும் லைப்ரரியை ஒருவர் சம்பளமில்லாமல் தன் சொந்த நேரத்தில் பார்த்துக்கொண்டு வந்தார். கிட்டத்தட்ட எல்லா லினக்ஸ் சர்வரிலும் அது இருந்தது. அவருடைய களைப்பைப் பயன்படுத்திக்கொண்டு, உதவ வந்தவர்போல புனைபெயரில் ஒருவர் இரண்டு வருடத்துக்கு மேல் நம்பிக்கை சேர்த்தார், பொறுப்பையும் வாங்கினார். கடைசியில் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு (ரகசிய நுழைவழி) ஒன்றைப் புதைத்தார். அதைக் கண்டுபிடித்தவர் போஸ்ட்கிரஸ் தரவுத்தள மென்பொருளில் வேலை செய்யும் ஆன்ட்ரெஸ் ஃபிராயிண்ட். வேறெதையோ அளந்துகொண்டிருந்தபோது தொலைவிலிருந்து சர்வருக்குள் போகும் எஸ்எஸ்எச் உள்நுழைவு வழக்கத்தைவிட அரை வினாடி தாமதமாவதைக் கவனித்தார். 2024 மார்ச் 29 அன்று உலகத்துக்குச் சொன்னார். 'அரை வினாடிதானே' என்று விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

இதிலிருந்து இரண்டு பேரை எனக்கு மறக்க முடியவில்லை. ஒருவர், அரை வினாடி ஏன் என்று கேட்டவர். இன்னொருவர், பொழுதுபோக்காக ஆரம்பித்ததை உலகமே தன் தலையில் ஏற்றிவைத்த பிறகும் தனியாகத் தாங்கிக்கொண்டிருந்தவர். உங்கள் நிறுவனம் இப்படி ஒருவரின் சொந்த நேரத்தின்மேல் ஓடுகிறதா என்று கேட்டுப் பாருங்கள். ஓடினால், அவருக்குப் பணம் போக வழி உண்டா என்றும் கேளுங்கள். இதை நான் ஒவ்வொரு குழுவிலும் கேட்கிறேன்.

மார்ச் 10

இஎஸ்பி32-ல் நேர மண்டலம் தலைகீழாக வருகிறது என்று ஒருவர் தவிக்கிறார். அது பாசிக்ஸ் என்ற கணினித் தரத்தின் முறை. கிரீன்விச்சுக்குக் கிழக்கே இருந்தால் கழித்தல் குறி, மேற்கே இருந்தால் கூட்டல். நாம் வழக்கமாக எழுதுவதற்கு நேர் எதிர். போர்டில் ஒன்றும் கோளாறு இல்லை, குறியை மாற்றுங்கள்.

மார்ச் 14

நேர மண்டலம் என்று ஆரம்பித்துவிட்டோம், இந்த வாரக் கூத்தையும் சொல்லிவிடுகிறேன்.

அமெரிக்கா கோடைகால நேரத்துக்கு மாறுவது மார்ச் இரண்டாம் ஞாயிறு. ஐரோப்பா மாறுவது மார்ச் கடைசி ஞாயிறு. இடையில் இருக்கும் இரண்டு மூன்று வாரம் வாராந்தர மீட்டிங் எல்லாம் யாராவது ஒருவருக்கு ஒரு மணி நேரம் தள்ளிப் போகிறது. வருடா வருடம் நடக்கிறது, வருடா வருடம் பாதிப் பேர் வராத அறையில் மீதிப் பேர் உட்கார்ந்திருக்கிறோம். என் கடிகாரம் பிறந்தது இந்த மீட்டிங்கில்தான்.

எதிர்கால நிகழ்வு ஒன்றை யுடிசியில் மட்டும் சேமித்தால் போதும் என்று பல இடத்தில் அறிவுரை இருக்கிறது. நடந்து முடிந்ததற்கு அது சரி. நடக்கப்போவதற்குச் சரிவராது. 'அந்த ஊரில் காலை ஒன்பது மணி' என்றுதான் மனிதர்கள் ஒப்புக்கொள்கிறார்கள். அந்த ஊர் தன் விதியை இடையில் மாற்றினால் யுடிசிக் கணக்கு பொய்யாகிவிடும். ஆகவே ஊரின் நேரம், நேர மண்டலப் பெயர் இரண்டையும் சேமிக்க வேண்டும்; யுடிசியை அவ்வப்போது கணக்கிட்டுக்கொள்ளலாம்.

விதி மாறுமா என்று சந்தேகப்படுபவர்களுக்கு: 2023 மார்ச்சில் லெபனானில், கடிகாரத்தை முன்தள்ள வேண்டிய நாளுக்குச் சற்று முன்னால் அரசு அதைத் தள்ளிவைத்தது. சிலர் ஏற்றார்கள், சிலர் மறுத்தார்கள். சில நாள் ஒரே நாட்டில் இரண்டு நேரம் ஓடியது. அப்புறம் அரசு முடிவைத் திரும்பப் பெற்றது. சமோவா 2011-ல் தேதிக்கோட்டின் மறுபக்கம் தாவியபோது அங்கே டிசம்பர் 30 என்ற நாளே வரவில்லை. ஆஸ்திரேலியாவின் லார்ட் ஹௌ தீவு கோடைகால நேரத்துக்கு அரை மணி மட்டும் நகர்கிறது. நேபாளம் யுடிசியிலிருந்து 5 மணி 45 நிமிடம்.

இதையெல்லாம் பிடித்துவைப்பது ஐயானா நேர மண்டலத் தரவுத்தளம். ஆர்தர் டேவிட் ஓல்சன் தொடங்கியது, பல வருடமாகப் பால் எக்கர்ட் பராமரிக்கிறார். அதன் கோப்புகளைத் திறந்து படியுங்கள். நிரலுக்கு இடையே இருக்கும் குறிப்புகளில் எந்த நாடு எப்போது எதற்காகக் கடிகாரத்தை நகர்த்தியது என்ற வரலாறே கிடைக்கும். நான் பல ராத்திரி அதைக் கதை போலப் படித்திருக்கிறேன்.

மார்ச் 17

பாதியில் நிற்கும் ரெப்போக்கள். இரண்டு வாரமாக இதைச் சுற்றிச் சுற்றி வருகிறேன். 'முடிக்காவிட்டால் என்ன' என்று எழுதத்தான் வந்தேன். எழுத ஆரம்பித்ததும் அது பாதிதான் உண்மை என்று பட்டது.

எதையாவது தெரிந்துகொள்வதற்காக ஆரம்பித்த திட்டம், தெரிந்துகொண்டதும் நின்றால் அது முடிந்துவிட்டது. என்னிடம் மார்க்டவுன் பார்சர் (எளிய குறிகளோடு எழுதிய உரையைப் பிரித்துப் படிக்கும் நிரல்) ஒன்று இருக்கிறது, அதற்குத் தலைப்பும் பத்தியும் மட்டும்தான் தெரியும். பார்சர் எப்படி வேலை செய்கிறது என்று அன்றைக்கே புரிந்துவிட்டது, மூடிவைத்தேன். அதில் எனக்கு வருத்தமே இல்லை.

வருத்தம் தருபவை வேறு வகை. நான் உண்மையிலேயே பயன்படுத்த நினைத்து ஆரம்பித்து, பயன்படுத்தும் நிலை வருவதற்கு முன்பே நின்றவை. அவற்றைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எல்லாவற்றுக்கும் ஒரே ஜாடை. உள்நுழைவுப் பக்கம் இருக்கும், செட்டிங்ஸ் இருக்கும், நிரலைப் பொதியாக்கி ஓட்டும் டாக்கர் இருக்கும், செய்ய வேண்டிய அந்த ஒரே வேலை இருக்காது. அலுவலகப் பழக்கம் வீட்டுக்குள் வந்துவிட்டது என்று அர்த்தம். நான் ஒருவன் பயன்படுத்தும் கருவிக்கு எதற்கு உள்நுழைவு?

கடிகாரத்தில் இதைத் தலைகீழாகச் செய்தேன். முதல் மாலையே ஒரே ஓர் ஊரின் நேரம் திரையில் வந்தாக வேண்டும் என்று வைத்துக்கொண்டேன். ஊர்ப் பெயர் நிரலுக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தது, எழுத்து அசிங்கமாக இருந்தது. ஆனால் மறுநாள் காலை மேசையில் அது நேரம் காட்டியது. அதற்குப் பிறகு அதைக் கைவிட மனசு வரவில்லை. கேள்வி கேட்டவரே, உங்கள் ரெப்போக்களில் ஒன்றை எடுங்கள். உங்களுக்கு நாளைக்கே பயன்படும் ஒரு துண்டை மட்டும் ஓட வையுங்கள். மற்றதை அழித்தாலும் பரவாயில்லை.

மார்ச் 19

இடையில் ஒரு விஷயம், யாரும் கேட்கவில்லை, ஆனாலும் முக்கியம். வேலைக்குச் சேரும்போது கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். நீங்கள் உருவாக்குவதெல்லாம் நிறுவனத்துக்குச் சொந்தம் என்ற வரி சில ஒப்பந்தங்களில் வேலை நேரத்தோடு நிற்காது. அலுவலக லேப்டாப்பில் சொந்தத் திட்டம் வேண்டவே வேண்டாம். வெளியிடப் போகிறீர்கள் என்றால் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்குங்கள். ஒரு மின்னஞ்சலில் முடிகிற காரியம்.

மார்ச் 21

"விட்டுவிட்டுத் திரும்பி வந்தால் பில்டே ஆவதில்லை, அதனால்தான் நின்றுபோகிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். இதை முழு மனதோடு ஒப்புக்கொள்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை இரண்டு மணி நேரம் கிடைக்கிறது. அதில் ஒன்றரை மணி நேரம் பழைய நிரலைப் புதிய கருவியோடு ஓட வைப்பதிலேயே போனால் யாருக்குத்தான் ஆசை மிஞ்சும்?

என் கடிகாரத்தில் ஒலி எழுப்பும் ஒரு பஸ்ஸர் இருக்கிறது. இஎஸ்பி32-க்கான ஆர்டுயினோ நிரல் தொகுப்பு 3.0-வுக்கு வந்தபோது, பஸ்ஸரை ஒலிக்க வைக்கும் பழைய இரண்டு ஃபங்ஷன்களை எடுத்துவிட்டு ஒன்றாக்கிவிட்டார்கள். புதியது நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இணையத்தில் கிடைக்கும் பாடங்களில் பல பழையதைச் சொல்கின்றன. புதிதாக வருபவர் தன் கையில்தான் கோளாறு என்று நினைத்துவிடுகிறார். இல்லை, உங்கள் கையில் கோளாறு இல்லை. தொகுப்பின் பதிப்பு எண்ணைப் பாருங்கள்.

நான் செய்வது இதுதான். கம்பைலர், போர்டு தொகுப்பு, லைப்ரரி எல்லாவற்றின் பதிப்பையும் கோப்பில் பூட்டிவிடுகிறேன். ஒரே கட்டளையில் வெறும் கணினியில் பில்டு ஆக வேண்டும். ரீட்மீ என்ற விளக்கக் கோப்பின் தலையில் அந்தக் கட்டளை, அதற்குக் கீழே 'அடுத்து செய்ய நினைத்தது' என்று ஒரு வரி. உட்காரும் ஒவ்வொரு தடவையும் எழுந்திருக்கும் முன் அந்த வரியை மாற்றி எழுதுகிறேன். திரும்பி வருவது எத்தனை மாதம் கழித்து என்றாலும் அந்த வரி என்னைக் கைபிடித்து உள்ளே கூட்டிப்போகிறது.

லைப்ரரிகளையும் குறைத்துவிட்டேன். 2016 மார்ச்சில் லெஃப்ட்-பேட் என்ற பதினோரு வரி நிரலை அதை எழுதியவர் என்பிஎம் என்ற பொதுக் களஞ்சியத்திலிருந்து எடுத்ததும் உலகம் முழுக்கப் பில்டுகள் சரிந்தன. சொல்லின் இடப்பக்கம் வெற்றிடம் சேர்க்கும் நிரல், வேறொன்றுமில்லை. அலுவலகத்தில் நூற்றுக்கணக்கான பொதிகளை நான் ஒருவனாகக் குறைக்க முடியாது. வீட்டில் முடியும். பதினோரு வரியை நானே எழுதிக்கொள்கிறேன்.

மார்ச் 23

49 நாள் கழித்துத் தன் தோட்டத் தண்ணீர்க் கருவி நின்றுபோனதாகச் சொன்னவருக்கு: சரியாக 49.7 நாளாக இருக்கும். மில்லிவினாடிகளை 32 பிட்டில் (32 இரும இலக்கங்களில்) எண்ணினால் 4,294,967,295-ஐத் தொட்டதும் மறுபடி பூஜ்யம். விண்டோஸ் 95, 98 இரண்டிலும் இதே 49.7 நாளில் கணினி உறையும் பக் இருந்தது. போயிங் 787-ன் மின்னாக்கிக் கட்டுப்பாட்டு அலகுகள் 248 நாள் இடைவிடாமல் ஓடினால் ஒரே நேரத்தில் நின்றுபோகக்கூடும் என்று 2015-ல் அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பு உத்தரவே போட்டது. நூறில் ஒரு பங்கு வினாடியாக எண்ணினால் 31 பிட் நிரம்புவதும் 248 நாளில்தான்.

இதைத் தவிர்க்க, நிரலில் 'இப்போது, முந்தையதும் இடைவெளியும் சேர்ந்ததைத் தாண்டிவிட்டதா' என்று கேட்காதீர்கள். 'இப்போதிலிருந்து முந்தையதைக் கழித்தால் இடைவெளியைத் தொடுகிறதா' என்று கேளுங்கள். குறியில்லா (எதிர்மறை இல்லாத) முழு எண்ணில் கழித்தல் சுழற்சியைத் தாண்டியும் சரியாக வரும். சோதிக்க 49 நாள் காத்திருக்க வேண்டியதில்லை. எண்ணியோடு ஒரு பெரிய எண்ணைக் கூட்டித் தரும் சிறு ஃபங்ஷன் எழுதி, ஒரு நிமிடத்தில் சுழலும்படி வைத்துப் பாருங்கள்.

மார்ச் 29

2038-ல் பழைய கருவிகளின் கடிகாரம் தவறுமே என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். 1970-லிருந்து வினாடிகளைக் குறியுள்ள 32 பிட்டில் எண்ணும் கருவிகளுக்கு 2038 ஜனவரி 19, யுடிசி 03:14:07 தான் கடைசி வினாடி. என்டிபி 1900-லிருந்து குறியில்லாமல் எண்ணுவதால் அதன் சுற்று அதற்கு முன்பே, 2036 பிப்ரவரி 7 அன்று முடிகிறது. இது எத்தனையாவது சுற்று என்று புரிந்துகொள்ளும் நிரலுக்கு அது பிரச்சினை இல்லை. டிஎஸ்3231 லீப் வருடக் கணக்கை 2100 வரைதான் பார்த்துக்கொள்ளும். 2100 லீப் வருடம் இல்லை என்பது அதற்குத் தெரியாது. என் பேரப்பிள்ளைகள் அந்தத் தேதியைக் கையால் திருத்திக்கொள்ளட்டும்.

லீப் வினாடி, அதாவது பூமியின் சுழற்சியோடு ஒத்துப்போக யுடிசியில் சேர்க்கும் கூடுதல் வினாடி, வேறு கதை. 1972-லிருந்து 27 தடவை சேர்த்திருக்கிறார்கள், கடைசியாக 2016 முடிவில். 2012 ஜூன் 30 இரவு சேர்த்தபோது லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் இருந்த பக்கால் பல சர்வர்கள் சிபியுவை முழுக்கத் தின்றன. 2017 பிறந்த அந்தக் கணத்தில், காலம் பின்னோக்கிப் போனதாகத் தெரிந்து தளப் பெயர்களை இணைய முகவரியாக மாற்றும் ஒரு பெரிய டிஎன்எஸ் சேவை தடுமாறியது. கழித்தால் எதிர்மறை எண் வரும் என்று அந்த நிரல் எதிர்பார்க்கவில்லை. கோ என்ற நிரல் மொழியின் 1.9 பதிப்பு, நேரத்தோடு ஒருபோதும் பின்னால் போகாத ஒரு கடிகாரத்தையும் சேர்த்துத் தர ஆரம்பித்தது அதே வருடம். 2035-க்குள் லீப் வினாடியையே நிறுத்திவிடுவது என்று 2022 நவம்பரில் சர்வதேச எடை அளவை மாநாடு முடிவு செய்துவிட்டது.

உங்கள் அன்றாட நிரலுக்கு இதிலிருந்து வேண்டியது ஒன்றுதான்: ஒரு காரியத்துக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று அளக்க, நேரம் திருத்தப்படும் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், முன்னோக்கி மட்டுமே ஓடும் மோனோடோனிக் கடிகாரத்தைப் பாருங்கள். பெரும்பாலான நிரல் மொழிகளில் இருக்கிறது.

ஏப்ரல் 2

கேள்வி கேட்டவர் ஒரு ரெப்போவை எடுத்துவிட்டாராம். அறை வெப்பநிலையைப் பதிவு செய்யும் கருவி, இஎஸ்பி32-லேயே. மிக்க மகிழ்ச்சி. ஆனால் இப்போது பொத்தானை இணைத்ததும் போர்டு எழவே மாட்டேன் என்கிறதாம்.

போர்டின் 12-ம் பின்னில் (இணைப்பு முனையில்) இணைத்திருக்கிறீர்களா? மின்சாரம் வரும் கணத்தில் அந்தப் பின்னில் மின்னழுத்தம் உயர்ந்திருந்தால், நிரல் தங்கும் ஃபிளாஷ் நினைவகத்துக்கு 3.3 வோல்ட்டுக்குப் பதில் 1.8 வோல்ட் போகும், பெரும்பாலான போர்டுகள் அங்கேயே நின்றுவிடும். வேறு பின்னுக்கு மாற்றுங்கள். பொத்தானுக்கு 34 முதல் 39 வரை வேண்டாம், அவை உள்ளீட்டுக்கு மட்டும், பொத்தானுக்கு வேண்டிய புல்-அப் ரெசிஸ்டர் உள்ளே கிடையாது. வெப்பநிலை சென்சார் அனலாக் என்றால், மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் பின்களில் ஏடிசி2 தொகுதியைத் தவிருங்கள். வைஃபை ஓடும்போது அவை வேலை செய்யாது. ஏடிசி1-ல் போடுங்கள்.

ஏப்ரல் 3

12-ம் பின்தான் என்று தெரிந்ததில் சந்தோஷம்.

ஆர்டிசி சேர்ப்பதாக இருந்தால் ஓர் எச்சரிக்கை. நீல நிறத்தில் எங்கும் கிடைக்கும் டிஎஸ்3231 போர்டில் பேட்டரியைச் சார்ஜ் செய்ய ஒரு ரெசிஸ்டரும் டையோடும் இருக்கின்றன. அது சார்ஜ் ஆகும் எல்ஐஆர்2032-க்கானது. எல்லாரும் வைப்பது சார்ஜ் ஆகாத சிஆர்2032. 5 வோல்ட் கொடுத்தால் அந்தப் பேட்டரி வீங்கலாம், கசியவும் செய்யலாம். அந்த ரெசிஸ்டரைக் கழற்றிவிட்டு, 3.3 வோல்ட்டிலேயே ஓட்டுங்கள்.

இ-இங்க் திரையில் பழைய எழுத்தின் நிழல் தங்குவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். பகுதி புதுப்பிப்பை மட்டுமே தொடர்ந்து செய்தால் அப்படித்தான் ஆகும். நான் நிமிடத்துக்குப் பகுதி, மணிக்கு ஒருமுறை முழுத் திரை என்று வைத்திருக்கிறேன். உங்கள் கருவி பத்து நிமிடத்துக்கு ஒருமுறைதான் எண்ணை மாற்றுகிறது என்றால், ஒவ்வொரு தடவையும் முழுத் திரையையே புதுப்பித்துவிடலாம். அது ஒரு வினாடி சிமிட்டும், அவ்வளவுதான். வயரிங் படத்தைப் போடுங்கள், ராத்திரி பார்க்கிறேன்.